ஆயுதச் சட்டமும் காரணம் எழுதும் கடமையும்

குடிமக்கள் படைக்கலம் வைத்திருத்தல் தகுமா, தகாதா என்னும் வினா கல்லூரி விவாத மன்றங்களில் அடிக்கடி எழுவதொன்று. எழுந்த மாத்திரத்தில் ஒரு சாரார் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பள்ளிக்கூடங்களில் நிகழ்ந்த படுகொலைகளை எடுத்துரைப்பர். மற்றொரு சாரார், தன்னைக் காத்துக்கொள்ளுதல் எல்லா உயிர்க்கும் இயல்பாகிய உரிமையென்பர். இரு சாராரும் கைதட்டல் பெற்று அமர்வர், வாக்கெடுப்பும் முடியும், வினாவோ இருந்தவிடத்திலேயே இருக்கும். தகும், தகாது என்னும் இவ்விரண்டு விடைகளுக்கும் நடுவே வேறொரு வினா ஒளிந்துகிடத்தலே இதற்குக் காரணமென்று நாம் எண்ணுகின்றோம். துப்பாக்கி வேண்டுமென்று கேட்கும் குடிமகன், தனக்கு அஃது ஏன் வேண்டுமென்பதற்குக் காரணம் காட்டல் வேண்டுமா? அன்றி, கொடுக்கமாட்டேமென்று மறுக்கும் அரசு, ஏன் மறுக்கின்றதென்பதற்குக் காரணம் காட்டல் வேண்டுமா? காரணம் எழுதும் சுமை எவர் தலைமேல் ஏற்றப்படுகின்றதோ அதனைப் பொறுத்தே ஒரு நாட்டின் ஆயுதச் சட்டம் கடுமையுடையதென்றும் தளர்ச்சியுடையதென்றும் பெயர் பெறுகின்றது. இதனை முதன்முதல் தெளிவாக எழுப்பிய கூட்டங்களுள் ஒன்று நம் சென்னையிலேயே கூடியதாகலின், ஆராய்ச்சியை அங்கிருந்தே தொடங்குவது பொருந்தும்.

லிட்டன் பிரபு இராஜப் பிரதிநிதியாயிருந்த 1878-ஆம் ஆண்டில் இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று, தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டியது. மற்றொன்று, 11-ஆவது சட்டமாகிய ஆயுதச் சட்டம். முன்னது சில ஆண்டுகளுக்குள் ரிப்பன் பிரபுவின் காலத்தில் ஒழிந்தது. பின்னது 84 ஆண்டு உயிர் வாழ்ந்தது. அநுமதிச் சீட்டின்றித் துப்பாக்கி, வாள், ஈட்டி ஆகியவற்றை எவரும் தாங்கலாகாதென்பது அதன் விதி. ஐரோப்பியரும் யூரேஷியரும் அவ்விதியினின்று விலக்கப்பட்டிருந்தனர். இந்நாட்டாரில் பட்டம் பெற்ற பெருமக்கள் சிலர்க்கு மட்டும் அவ்விலக்கு வாய்த்தது. ஒரே தெருவில் வாழும் இருவருள் ஒருவர் பிறப்பினாலேயே நம்பத்தக்கவரென்றும், மற்றவர் பிறப்பினாலேயே ஐயத்துக்குரியவரென்றும் சட்டமே கூறிற்று. துப்பாக்கி கிடைக்காமையைவிட இவ்விழிவே அக்காலத்துக் கற்றோர் உள்ளத்தை மிகுதியும் சுட்டது.

1887-ஆம் ஆண்டு டிசம்பரில் இந்திய தேசீய காங்கிரஸின் மூன்றாம் மாநாடு சென்னை ஆயிரம்விளக்குப் பகுதியில் மக்கீஸ் தோட்டத்தில் கூடியது. தலைமை தாங்கியவர் பத்ருத்தீன் தையப்ஜி. அம்மாநாட்டில் ஆயுதச் சட்டத்தை அறவே நீக்கவேண்டுமென்று முழங்கினார் விபின் சந்திர பாலர். அப்போது அவர்க்கு வயது முப்பதும் நிரம்பவில்லை. மாநாடு இறுதியில் நிறைவேற்றிய தீர்மானம் நீக்கத்தைக் கேட்கவில்லை, திருத்தத்தையே கேட்டது. அதன் சாரம் இது: எல்லோரும் ஆயுதம் வைத்திருக்கவும் தாங்கவும் உரியராதல் வேண்டும், தனிமனிதரையேனும் ஒரு குறிப்பிட்ட சாதியாரை அல்லது வகுப்பாரையேனும் அவ்வுரிமையினின்று விலக்க அரசு கருதுமாயின், விலக்கியதற்குரிய காரணத்தை எழுத்திற் பதிந்து முறைப்படி வெளியிடல் வேண்டும்.

இத்தீர்மானத்தைச் சிறிது நின்று நோக்குதல் தகும். மேலெழுந்தவாரியாகப் பார்ப்பார்க்கு இது பாலரின் கோரிக்கையைத் தேய்த்துக் குறைத்ததாகத் தோன்றும். அரசுக்கு ஆயுதம் மறுக்கும் அதிகாரம் உண்டென்று ஒப்புக்கொள்ளப்பட்டதன்றோ? ஆயினும் ஒப்புக்கொண்ட அவ்வதிகாரத்தின் காலில் இரண்டு விலங்குகள் பூட்டப்பட்டன. எழுதுதல் ஒன்று, வெளியிடுதல் மற்றொன்று. காரணம் எழுதாத அதிகாரி எவனையும் மறுக்கலாம். எழுதவேண்டிய அதிகாரி எழுதத்தக்க காரணம் உள்ளவனையே மறுக்க இயலும். எழுதியதை ஊரறிய வெளியிடவும் வேண்டுமாயின், எழுதுகோலை எடுக்குமுன் இருமுறை எண்ணுவான். எல்லாம் வேண்டுமென்பார்க்கும் ஒன்றும் கூடாதென்பார்க்கும் இடையே பாதி வழியில் நின்றுகொள்வது உடன்பாட்டின் எளிய வகை. பகையாளியின் அதிகாரத்தை ஒப்புக்கொண்டு, அதனைச் செலுத்தும் முறையைத் தன் விருப்பப்படி அமைத்தல் அரிய வகை. சென்னைத் தீர்மானம் இரண்டாவதைச் சார்ந்தது.

அத்தீர்மானத்தில் ஒரு கறையும் உண்டு. தனிமனிதரை மட்டுமன்றி, முழு வகுப்பாரையும் விலக்கலாமென்று அது இசைந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் பிறந்து பதினாறு ஆண்டே ஆகியிருந்த காலம் அது. மக்கீஸ் தோட்டத்துப் பந்தலில் கூடியிருந்தோர் பெரும்பாலும் வழக்கறிஞரும் நிலமுடையோரும் வணிகருமே. தம் உரிமையைப் பெறுதற்பொருட்டு, பந்தலுக்கு வெளியே நின்றோரின் உரிமையை விட்டுக்கொடுப்பது அவர்கட்குப் பெரிய இழப்பாகத் தோன்றவில்லை போலும். இக்கறையைப் பின்னும் ஓரிடத்திற் காணப்போகின்றோம்.

கேட்டது உடனே கிடைத்துவிடவில்லை. சட்டத்தின் கடுமை நாட்டில் துப்பாக்கி வெடியாமற் செய்ததுமில்லை. 1911-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சி இருப்புப்பாதை நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன், ஆங்கிலச் சட்டம் செல்லாத பிரெஞ்சுப் புதுச்சேரியிலேயே சுடப் பழகினான். எல்லைக்கு அப்பால் கிடைப்பதை எல்லைக்குள் மறுக்கும் சட்டம் எவ்வளவு பயன்தரும் என்னும் ஐயம் இன்றைய மாநிலங்கட்கும் உரியது. இன வேற்றுமை 1920-இன் விதிகளால் எழுத்தளவிலேனும் நீங்கியது. அண்ணல் காந்தியடிகள், அஹிம்சையைத் தம் உயிர்மூச்சாகக் கொண்டவராயிருந்தும், ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் நிராயுதபாணிகளாக்கிய செயலை ஆங்கில ஆட்சியின் கொடுமைகளுள் மிகக் கரியதென்று கண்டித்தார். 1930-இல் அவர் வெளியிட்ட பதினொரு கோரிக்கைகளுள், தற்காப்புக்காகத் துப்பாக்கி அநுமதி வழங்குதலும் ஒன்று. அவ்வநுமதி பொதுமக்களின் கட்டுப்பாட்டுக்குட்பட்டிருத்தல் வேண்டுமென்ற நிபந்தனையையும் அவரே சேர்த்தார். அடுத்த ஆண்டு கராச்சி காங்கிரஸ் வகுத்த அடிப்படை உரிமைகளுள்ளும், விதிகளுக்கும் வரையறைகளுக்கும் உட்பட்டு ஆயுதம் தாங்கும் உரிமை இடம்பெற்றது.

விடுதலைக்குப்பின் நிகழ்ந்ததைப் பார்மின்! 1948 டிசம்பர்த் தொடக்கத்தில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் எழுந்து, கராச்சியில் வாக்களித்த அவ்வுரிமையை அரசியற் சட்டத்தில் எழுதுமாறு திருத்தம் கொணர்ந்தார். டாக்டர் அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. அயலார் ஆண்டபோது குடிகளின் கையில் ஆயுதம் வேண்டுமென்று கேட்டதற்குப் பொருள் உண்டு, இன்று காலம் மாறிவிட்டது என்றும், எவரும் கடைக்குச் சென்று எத்தகைய கொலைக்கருவியையும் தடையின்றி வாங்கும் உரிமையுடையராயின் அரசு ஆட்சி நடத்துவது எங்ஙனமென்றும் வினவினார். திருத்தம் தோற்றது. முன்னாள் கைதிகளே ஆட்சியாளரானபின் பூட்டின் அருமையை உணர்ந்தனர் என்று எள்ளி நகையாடுவாருமுளர். நாம் அங்ஙனம் கருதவில்லை. நாட்டுப் பிரிவினையின் குருதி உலராத நாள்கள் அவை. அவ்வாண்டுத் தொடக்கத்திலேயே காந்தியடிகள் கைத்துப்பாக்கிக்கு இரையானார். உரிமையென்று எழுதிவைக்க அவை அஞ்சியது இயல்பே. இந்தியாவில் ஆயுதம் தாங்குதல் அடிப்படை உரிமையன்று என்பதை உச்சநீதிமன்றம் 2023 பிப்ரவரியிலும் அமெரிக்காவோடு ஒப்பிட்டுச் சுட்டிக்காட்டியது.

உரிமை அன்றாயின், அரசின் விருப்பம்போல் வழங்கும் சலுகையோ? அதுவும் அன்று. அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஓரிடத்தை வகுத்ததே 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். 1962 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தை வழக்கறிஞராக விழையும் மாணவர்கள் ஒருமுறையேனும் மூலத்திற் படித்தல் நலம். அதன் 13-ஆவது பிரிவு துப்பாக்கிகளை இரு கூறாக்குகின்றது. தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ வேண்டப்படும், 20 அங்குலத்திற் குறையாத வழவழப்பான குழலையுடைய துப்பாக்கியும், பயிர்க்காவலுக்காகக் குழல்வாயில் மருந்து கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கியும் ஒரு கூறு. இவற்றுக்கு, மறுத்தற்குரிய காரணம் இல்லாவிடத்து, அநுமதி வழங்கியே ஆதல் வேண்டும். ரிவால்வர் முதலிய பிறவெல்லாம் மற்றொரு கூறு. இவற்றுக்கு, விண்ணப்பித்தவனிடம் தக்க காரணம் உண்டென்று அதிகாரி மனநிறைவு கொண்டாலன்றி அநுமதி இல்லை. முதற்கூற்றில் காரணச் சுமை அரசின் தலைமேல். இரண்டாங்கூற்றில் குடிமகன் தலைமேல். நீண்ட குழலை மடியில் மறைத்துச் செல்ல இயலாது, குறுங்குழலை இயலும். சுமையை மாற்றிவைத்ததற்கு இதனினும் எளிய விளக்கம் வேண்டுமோ?

14-ஆவது பிரிவு இன்னும் நுட்பமானது. போதிய சொத்து இல்லை என்பது ஒன்றையே காரணமாகக் காட்டி எவர்க்கும் அநுமதி மறுத்தலாகாது என்று அது விதிக்கின்றது. துப்பாக்கியைச் செல்வரின் அணிகலனாகக் கருதிய பழைய மனப்பான்மைக்கு இஃது ஓர் அடி. அதே பிரிவில், மறுக்கும் அதிகாரி காரணத்தை எழுத்திற் பதிதல் வேண்டுமென்றும், கேட்டால் அதன் சுருக்கத்தை விண்ணப்பதாரர்க்குத் தரல் வேண்டுமென்றும் உள்ளது. மக்கீஸ் தோட்டத்துப் பந்தலில் 1887-இல் கேட்டது, 72 ஆண்டு கழித்துச் சட்டமாகக் கிடைத்தது. கிடைத்ததும் பாதியே. எழுதும் கடமை வந்தது. வெளியிடும் கடமை வரவில்லை. பொதுநலத்துக்கு ஊறு நேருமென்று அதிகாரி கருதினால் அச்சுருக்கத்தையும் தரவேண்டுவதில்லை. 18-ஆவது பிரிவு மேல்முறையீட்டுக்கு வழி திறந்தது. ஆனால் அரசே இட்ட ஆணைக்கு அவ்வழியும் இல்லை.

இச்சட்டம் வாளையும் ஈட்டியையும் பெரும்பாலும் அநுமதித் தொல்லையினின்று விடுவித்தது. குறித்த இடங்களில் அரசு அறிவித்தாலன்றி அவற்றுக்குச் சீட்டு வேண்டா. வீட்டுக்கும் உழவுக்குமென்றே அமைந்த கருவிகள் ஆயுதம் என்னும் சொல்லின் பொருளிலேயே அடங்கா. நம் தென்மாவட்டத்து வழக்குக் கட்டுகளைப் புரட்டுவோர் இவ்விடத்தில் ஒரு பெருமூச்செறிவர். துப்பாக்கியைவிட அரிவாளுக்கே அங்கே வேலை அதிகமென்பது அவர்கள் அறிந்தது.

இனி நம் புறநகர்க்கு வருவோம். நம் கல்லூரி 1937-இல் நகரத்தை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தபோது, சேலையூர்க் காட்டைச் சூழ வயல்களும் ஏரிகளுமே இருந்தன. வடக்கே பரங்கிமலை அந்நாளிலேயே படைவீடு; இன்று இராணுவ அதிகாரிகளின் பயிற்சிக் கழகம் அமைந்த இடமும் அதுவே. அப்பரங்கிமலைக்கு அணித்தாயுள்ள இராமாவரம் தோட்டத்தில் 1967 ஜனவரி 12-ஆம் நாள் மாலை, நடிகர் எம். ஆர். இராதா எம். ஜி. இராமச்சந்திரனைச் சுட்டார், தம்மையும் சுட்டுக்கொண்டார். இருவரும் உயிர் பிழைத்தனர். கழுத்திற் குண்டு பாய்ந்த எம். ஜி. ஆர். மருத்துவமனையில் இருந்தபடியே அடுத்த மாதம் பரங்கிமலைத் தொகுதியில் வெற்றி பெற்றதும், அவர் குரல் அன்றுமுதல் மாறியதும் தமிழர் அனைவரும் அறிந்தவை. இராதா குற்றவாளியெனத் தீர்ப்புப் பெற்றுச் சிறை சென்றார். இந்நிகழ்ச்சியின் அரசியலை விடுத்து, ஒன்றை மட்டும் சுட்டுகின்றோம். பேசச் சென்ற இடத்தில், மடியில் மறைந்திருக்கத்தக்க குறுங்குழல் ஒன்று இருந்தமையால் ஒரு வாய்ச்சண்டை கொலைமுயற்சியாக மூண்டது. 13-ஆவது பிரிவின் இரண்டாங்கூறு எவ்வகைத் துப்பாக்கியைக் கருதி எழுதப்பட்டதென்பதற்கு இதைவிட அண்மையான சான்று நமக்கு இல்லை.

சட்டம் எண்ணிப்பாராதவர்களும் இப்புறநகரிலேயே உளர். தாம்பரம், பல்லாவரம் நிலையங்களில் பாசிமணியும் ஊசியும் விற்கும் நரிக்குறவரை நாம் நாள்தோறும் காண்கின்றோம். நாட்டுத் துப்பாக்கியைத் தோளிற் சாத்திக்கொண்டு நரியும் பறவையும் சுடுதல் அவர்தம் பழைய தொழில். 1959-இன் சட்டம் தற்காப்பைச் சொல்லிற்று, விளையாட்டைச் சொல்லிற்று, பயிர்க்காவலையும் சொல்லிற்று. வயிற்றுப்பாட்டுக்காக வேட்டையாடுதலைச் சொல்லவில்லை. பொழுதுபோக்குக்குச் சுடுவார்க்கு ஏட்டில் இடம் இருந்தது. பசிக்குச் சுடுவார்க்கு இல்லை. பின்னர் 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் வேட்டையை ஏறத்தாழ முற்றிலும் ஒழித்தன. விலங்குகளின் பொருட்டு அவ்வொழிப்பு வேண்டுவதே; நாம் அதனை மறுக்கவில்லை. ஆனால் உழவனோடு உடன்பாடு செய்துகொண்ட சட்டம், இவர்களோடு எந்த உடன்பாட்டையும் பேசியதாகத் தெரியவில்லை. பட்டியற் பழங்குடியினராக அவர்கள் சேர்க்கப்பட்டதே 2023 ஜனவரியில்தான். 1887-இன் தீர்மானத்திற் கண்ட கறை இதுவே: உடன்பாடு என்பது மேசையைச் சுற்றி அமர்ந்தோர்க்கிடையே மட்டும் நிகழ்கின்றது. இதற்கு நேர்மாறாக, குடகு நாட்டுக் கொடவர் ஆங்கிலர் காலத்திற் பெற்ற விலக்கை இன்றளவும் காத்துவருகின்றனர். 2029 வரை அது நீட்டிக்கப்பட்டுள்ளது; கர்நாடக உயர்நீதிமன்றமும் 2021-இல் அதனை ஏற்றது.

பயிர்க்காவல் வழக்கும் முடிந்துவிடவில்லை. காட்டுப்பன்றியால் அழியும் விளைச்சலைக் காக்க, கேரளம் 2022-இல் ஊராட்சித் தலைவர்க்கு அதிகாரம் அளித்து, அநுமதி பெற்ற துப்பாக்கியுடையோரைக்கொண்டு சுடச்செய்ய வழி வகுத்தது. தமிழகம் 2025-இல் சுடும் பொறுப்பை வனத்துறையினரிடமே வைத்துக்கொண்டது. ஒரே மலைத்தொடரின் இரு சரிவுகளில் இரு மாநிலங்கள் ஒரே பன்றிக்கு இரு விதமாக விடை கூறுகின்றன.

அண்மைக் காலத்தில் நாடாளுமன்றத்தில் நிகழ்ந்த உடன்பாடு ஒன்றையும் கூறுதல் வேண்டும். ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாமென்பது 1983-இன் திருத்தம். 2019-இன் இறுதியில் மைய அரசு கொணர்ந்த மசோதா அதனை ஒன்றாகக் குறைக்க முயன்றது. எதிர்ப்பு எழுந்தது. எல்லைப்புற மாநிலமாகிய பஞ்சாபின் முதலமைச்சர் அமரீந்தர் சிங், ஊர்ப்புறத்தார் ஒன்றைக்கொண்டு தம்மைக் காத்துக்கொள்ள இயலாதென்று மறுப்புத் தெரிவித்தார். இறுதியில் மூன்றுமின்றி ஒன்றுமின்றி இரண்டென்று டிசம்பரில் முடிந்தது. அநுமதியின் காலம் மூன்று ஆண்டினின்று ஐந்தாண்டாக நீண்டது. திருமண ஊர்வலங்களில் வானை நோக்கிச் சுட்டுப் பிறர்க்கு ஆபத்து விளைப்பார்க்கு இரண்டாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்பட்டன. முன்னே நாம் கூறிய எளிய வகை உடன்பாடு இது. சந்தையிற் பேரம் பேசுவதுபோல் எண் கூடிற்று, குறைந்தது. காரணம் எழுதும் முறைபற்றி எவரும் கவலைப்பட்டதாகக் காணோம்.

மாணவர்கள் விரும்பி மேற்கோள் காட்டும் அமெரிக்காவிலும் இவ்விரு வகையும் உண்டு. 1791-இன் இரண்டாம் திருத்தம் அங்கே ஆயுதத்தை உரிமையாக்கியது. நியூயார்க் மாநிலமோ, கைத்துப்பாக்கியை மறைத்துக் கொண்டுசெல்ல விழைவோன் தனக்குத் தக்க காரணம் உண்டென்று காட்டல் வேண்டுமென்று நூறாண்டுக்கு மேலாக விதித்திருந்தது. நம் சட்டத்தின் இரண்டாங்கூற்றை ஒத்த விதி. 2022 ஜூன் 23-ஆம் நாள் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அதனைத் தள்ளியது. உரிமையைச் செலுத்துவோன் காரணம் கூறவேண்டுவதில்லை என்பது தீர்ப்பின் கருத்து. இரண்டு நாள் கழித்து, யுவால்டி பள்ளிப் படுகொலையின் பின் இரு கட்சியாரும் சேர்ந்து இயற்றிய கூட்டரசுச் சட்டம் ஒன்று குடியரசுத் தலைவரின் ஒப்பம் பெற்றது. இவற்றினும் கற்கத்தக்கது புளோரிடா மாநிலத்தின் செயல். 2018 பிப்ரவரி 14-ஆம் நாள் பார்க்லாந்துப் பள்ளியில் 17 பேர் மாண்டபின், துப்பாக்கி உரிமையைப் பெரிதும் போற்றும் கட்சியாரே ஆண்ட அம்மாநிலம், ஒரு மாதத்துக்குள் சட்டம் இயற்றியது. வாங்கும் வயது 21 ஆயிற்று. வாங்குதற்குக் காத்திருக்கும் காலமும் வந்தது. மறுசாரார்க்கு இணங்கி, பள்ளிப் பணியாளர் சிலர் ஆயுதம் தாங்கவும் இடம் தரப்பட்டது. ஆபத்தானவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக நீக்கலாமென்ற விதியும் அதில் உண்டு. ஆனால் காவலர் மட்டும் கருதினாற் போதாது, சான்றுகளை ஆராய்ந்து நீதிபதி ஆணையிடல் வேண்டும். அரசின் அதிகாரத்தை ஒப்புக்கொண்டு, அதனைச் செலுத்தும் முறையை வரையறுக்கும் அரிய வகை உடன்பாடு இங்கே மீண்டும் தலைகாட்டுகின்றது.

இவையனைத்தும் தாம்பரத்தில் வாழும் நமக்கு ஏட்டுச் சுரைக்காயாகத் தோன்றலாம். அங்ஙனமன்று. ஆயுதச் சட்டத்தின் சொற்படி, காவல் ஆணையர் அமர்த்தப்பட்ட பகுதியில் மாவட்ட மாஜிஸ்திரேட் என்னும் சொல் அவ்வாணையரையே குறிக்கும். 2022 ஜனவரியில் தாம்பரத்துக்குத் தனிக் காவல் ஆணையரகம் ஏற்பட்டது. மாவட்டத்துக் கலெக்டர் அநுமதி வழங்கும் இடங்களில், விண்ணப்பம் வந்தால் அண்மையிலுள்ள காவல் நிலையத்தின் அறிக்கையைக் கேட்பார். அறிக்கை எழுதுவது ஒரு துறை, தீர்ப்பது மற்றொரு துறை. ஆணையரகத்தில் அறிக்கை எழுதுவோரும் காவலர். அதைப் படித்துத் தீர்ப்போரும் காவலரே. நகரம் பெருகுந்தோறும் இவ்வமைப்பும் பெருகும். தம் கீழுள்ளார் எழுதிய காரணத்தைத் தாமே எடைபோடுதல் எத்துணை நேர்மையுடையார்க்கும் எளிதன்று.

ஆகலின், 1887-இல் கேட்டுக் கிடைக்காத மறுபாதி இவ்விடத்துக்கே மிகவும் வேண்டப்படுவதாகும். ஆண்டுதோறும் எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, எத்தனை மறுக்கப்பட்டன, எவ்வெக் காரணத்தால் மறுக்கப்பட்டன என்பவற்றை, பெயர்களை நீக்கி, ஒரு தாளில் அச்சிட்டு வெளியிடுவதற்குச் சட்டத்தைத் திருத்தவும் வேண்டா. காரணங்கள் 14-ஆவது பிரிவின்படி முன்னரே எழுதப்பட்டு அலுவலகக் கட்டுகளில் உள்ளன. அவற்றை எண்ணித் தொகுக்க ஓர் எழுத்தரும், கேட்க முன்வரும் குடிமக்கள் சிலருமே தேவை.